கரி வீடு திரும்பிய வருஷம்

அந்த வருஷம் போகிக்கு மறுநாள், பொங்கல் பானையில் பால் பொங்குவதற்கு முன்பாகவே, பட்டணத்துக் கரியெல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பி வர ஆரம்பித்தது. எத்தனையோ காலமாகத் திக்குத் திசை தெரியாமல் ஆகாயத்தில் அலைந்து, யார் கூரை என்று பார்க்காமல் இறங்கி, யார் துணி என்று விசாரிக்காமல் படிந்து, யார் மூக்கு என்று கேட்காமல் நுழைந்துகொண்டிருந்த புகைக்கரி, அன்றைக்கு விடியற்காலைப் பனிமூட்டத்தில் சட்டென்று ஏதோ ஞாபகம் வந்ததுபோல நின்றது. நின்று, தன்னை ஊதி வெளியே அனுப்பியது யார் என்று யோசித்தது. யோசித்து, விலாசம் தெரிந்துகொண்டு புறப்பட்டது. ஏன் இப்படி நடக்கிறது என்று உப்புக்கிடங்குத் தெருவில் யாரும் கேட்கவில்லை. வந்ததை எங்கே வைப்பது என்பதுதான் எல்லாருக்கும் கவலையாக இருந்தது.

எல்லாரையும்விட அதிகமாகக் கவலைப்பட்டவர் தாண்டவராயன். துறைமுகத்துக்கு மேற்கே இருந்த அந்தத் தெருவில் மூன்று மாடி வீடு அவருடையது ஒன்றுதான். அது வெள்ளை வீடு. அவருக்கு வெள்ளை என்றால் அப்படி ஒரு பிரியம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, வெள்ளைக் கார், வெள்ளை நாய். மீசைக்கு மட்டும்தான் கறுப்பு அடித்தார். கன்டெய்னர் ஏற்றிப் போகும் நீள நீளமான லாரிகள் அவரிடம் நிறைய இருந்தன. எல்லாம் வயதானவை. கிளம்பும்போது கனைத்து, குலுங்கி, ஒரு மேகத்தைக் கக்கிவிட்டுத்தான் நகரும். இப்படிப்பட்ட கிழட்டு லாரிகளைக் காயலான் கடையில் போட்டுவிட்டு, மானியம் வாங்கிக்கொண்டு, புகை கக்காத புது லாரி வாங்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. லாரி உரிமையாளர் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் தாண்டவராயன் மேலிடத்துக்கு நடையாய் நடந்து அந்த உத்தரவுக்கு அவகாசம் வாங்கினார். அந்த அவகாசம் முடிந்ததும் இன்னொரு அவகாசம் வாங்கினார். அதே தாண்டவராயன்தான் வார்டு தூய காற்றுக் கமிட்டிக்கும் தலைவர். அந்த முறையில் அவர் செய்த ஒரே காரியம், எதிர்வீட்டு பிலோமினா விறகடுப்பில் ஆப்பம் சுட்டு விற்றுக்கொண்டிருந்ததை நிறுத்தி, அடுப்புக்குச் சீல் வைக்கச் செய்தது.

அதில் அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் மனைவி செங்கமலத்துக்குப் பல வருஷமாக இருமல். பேச்சின் நடுவே இருமுவாள், இருமலின் நடுவே பேசுவாள், இரண்டுக்கும் நடுவே மூச்சு வாங்குவாள். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே தெரிந்தது பிலோமினாவின் அடுப்பு. ஆகவே அந்த அடுப்புதான் காரணம் என்று தாண்டவராயன் மனசாரவே நம்பினார். அவருடைய லாரிகள் அடுத்த சாலையில், கண்ணுக்குத் தெரியாமல், துறைமுக வாசல் திறக்கக் காத்துக்கொண்டு, இஞ்சினை அணைக்காமல் வரிசையில் நின்றன. கண்ணுக்குத் தெரியாததை ஒரு மனுஷன் எப்படிச் சந்தேகப்படுவான்?

பொங்கலன்று காலையில் கோலம் போடக் கதவைத் திறந்தவள் செங்கமலம். வாசலில் ஆள் உயரத்துக்குக் கரி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொரு ஆள் உயரம், அதன் பின்னால் இன்னொன்று என்று தெருமுனை வரைக்கும், ரேஷன் கடை வரிசை மாதிரி, தள்ளுமுள்ளு இல்லாமல் பொறுமையாக நின்றது. செங்கமலம் கோலப்பொடிக் கிண்ணத்தோடு ஒதுங்கி வழிவிட்டாள்.

"ஏங்க, உங்களைத் தேடி வந்திருக்கு."

"நல்ல நாள் அதுவுமா யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"யாருன்னு சொல்றது? உங்க ஆளுங்கதான். வந்து பாருங்க."

அவர் வந்து பார்ப்பதற்குள் கரி உள்ளே வந்துவிட்டது. கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்து உறவினர்போலக் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தது. பிரமுகர்களோடு அவர் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் ஒவ்வொன்றின் முன்பும் நின்றது. பிறகு சோபாவிலும், டீவியின் மேலும், புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரிலும், வெள்ளை நாயின் முதுகிலும் இடம் பார்த்து உட்கார்ந்தது. மத்தியானத்துக்குள் முழங்கால் ஆழம் சேர்ந்துவிட்டது. நாய் கறுப்பு நாயாகி, கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தானே குரைத்தது.

"செங்கமலம், துடைப்பம் எங்கே? கூட்டித் தள்ளு!"

"அடுப்படியில என் கரி ஒரு சிட்டிகை வந்து உட்கார்ந்திருந்துச்சு, அதை நான் காலையிலேயே கூட்டிட்டேன்" என்றாள் செங்கமலம், இருமி முடித்துவிட்டு. "இது உங்களுது. துடைப்பம் கதவுக்குப் பின்னாடி இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து துடைப்பத்தைத் தொட்டறியாத தாண்டவராயன் அன்றைக்குத் தொட்டார். தொட்டுப் பார்த்துவிட்டு, இது தனக்கு மட்டும் நடந்த சதி என்று முடிவுகட்டி, நேராக எதிர்வீட்டுக்குப் போனார். பிலோமினா வாசல் படியில் உட்கார்ந்து ஒரு கொட்டாங்கச்சியில் கரியை அள்ளி வைத்திருந்தாள்.

"இவ்ளோதானா?" என்று கேட்டார்.

"இவ்ளோதான் தலைவரே. நான் மொத மொத அடுப்பு பத்த வெச்ச நாள்லேர்ந்து மொத்தமும் வந்துட்ச்சு. பாத்திரம் தேய்க்க ஆவும்."

தாண்டவராயன் கொட்டாங்கச்சிக்குள் எட்டிப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். "மீதியை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே?"

"மீதியா? அதான் உங்க வூட்ல வந்து குந்திகினு கீதே" என்றாள் பிலோமினா.

ஒரு வாரம் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அதன் பிறகு பழகிவிட்டது. பால்காரன் வருவதுபோல, குழாயில் தண்ணீர் வருவதுபோல, விடிந்ததும் கரி வந்தது. வந்ததை வாங்கி வைப்பதும் வீட்டு வேலைகளில் ஒன்றாகிப்போனது. ஆட்டோ வைத்திருந்தவர்களுக்கு ஒரு முறம் வந்தது, மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பிடி, குப்பை கொளுத்தியவர்களுக்கு டயர் வாசனையோடு ஒரு வாளி. தீபாவளிக் கரி மட்டும் மத்தாப்பு நிறங்களோடு, மிகவும் தாமதமாக, மன்னிப்புக் கேட்பதுபோல வந்தது. பெண் பார்க்கப் போனவர்கள் ஜாதகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுச் சுவரில் ஒரு விரலைத் தேய்த்துப் பார்த்தார்கள். கறுப்பாக இருந்தால் பையன் சரியில்லை என்று சில பேரும், கறுப்பாக இருந்தால் பையனுக்கு வசதி என்று சில பேரும் சொன்னார்கள். வசதியாகக் காட்டிக்கொள்ளத் தங்கள் சுவருக்குத் தாங்களே கரி பூசிக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் பூசிய கரி தண்ணீர் பட்டால் கரைந்தது, வந்த கரி கரையவில்லை என்பதால் அவர்கள் சீக்கிரத்திலேயே அகப்பட்டுக்கொண்டார்கள். சுடுகாட்டுக் கரி செத்தவர்களின் வீட்டுக்கே திரும்பியது. அது மட்டும் உள்ளே வராமல் வாசற்படியில் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த வீட்டுக்காரர்கள் அதைத் துடைப்பத்தால் தொடாமல், ஒரு விளக்கேற்றி வைத்துவிட்டு, அது தானாகப் போகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

லாரிக் கரி ஓட்டுகிறவனுக்குச் சேருமா, வைத்திருக்கிறவனுக்குச் சேருமா என்று டீக்கடையில் பெரிய வாக்குவாதம் நடந்தது. தாண்டவராயனின் டிரைவர் காதர் பாட்சாதான் அதைத் தீர்த்துவைத்தார்.

"எனக்கும் தெனம் ஒரு சிட்டிகை வருது, மீசையிலயே வந்து குந்திக்குது" என்றார் அவர். "சிக்னல்ல சும்மா நிக்கிறப்ப ஆக்சிலேட்டரை மிதிச்சு உறுமவுட்டேன்ல, அந்தக் கரி. அது என்னுது, ஒத்துக்கறேன். மிச்சமெல்லாம் மொதலாளியுது. கரிக்குக் கணக்கு நல்லாத் தெரியுதுபா."

தாண்டவராயன் சும்மா இருந்துவிடவில்லை. முதலில் ஜன்னல்களையெல்லாம் இறுக்கி அடைத்தார். கரி வாசலில் நின்று காத்திருந்தது. தபால்காரன் வந்தபோது அவனோடு சேர்ந்து உள்ளே நுழைந்தது. அடுத்தபடியாக லாரிகளையெல்லாம் திருப்பத்தூரில் இருந்த மைத்துனன் பெயருக்கு மாற்றினார். கரி ஒரு நாள் வரவில்லை. அன்றைக்கு அவர் தெரு முழுக்க லட்டு கொடுத்தார். கரி திருப்பத்தூருக்குப் போய், மைத்துனனை மேலும் கீழும் பார்த்து, இவன் முகத்தில் அந்தக் களை இல்லையே என்று சந்தேகப்பட்டு, அந்த ஊர்ச் செம்மண்ணையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு மறுநாளே திரும்பிவிட்டது. பிறகு செங்கமலத்தை அழைத்துக்கொண்டு கொடைக்கானலுக்குப் போய் ஓர் அறை எடுத்தார். மலையில் காற்று சுத்தமாக இருந்தது, குளிராக இருந்தது, செங்கமலத்துக்கு இருமலும் குறைந்தது. இங்கேயே இருந்துவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த வேளையில், கொண்டை ஊசி வளைவுகளிலெல்லாம் ஏறி, மூச்சிரைக்க, மேகத்தோடு மேகமாகக் கரி வந்து சேர்ந்தது. விடுதிக்காரர் நல்லவர். "சார், உங்க லக்கேஜ் வந்திருக்கு" என்று மட்டும் சொன்னார்.

பருவம் மாற மாற அது வரும் தினுசும் மாறியது. தை மாதத்தில் காற்று செத்துக் கிடந்தது, பனி மூடிபோட்டதுபோல ஊரைக் கவிழ்த்து வைத்திருந்தது. அப்போது கரி நடந்தே வந்தது. சித்திரையில் மத்தியானம் கடல்காற்று எழுந்ததும் பள்ளிக்கூடம் விட்டதுபோல ஓடி வந்து கதவில் முட்டியது. கோடை மழை கொட்டிய அன்று நனைந்து குழம்பாக வந்து, மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஏறியது. எப்படி வந்தாலும் சரி, வருகிற கரி அதே கரிதான். மூன்றாவது மாடி நிறைந்தது, இரண்டாவது மாடியும் பாதி நிறைந்தது. மூட்டை கட்டி மாளவில்லை.

"கண் மை கம்பெனி ஒண்ணு ஆரம்பிங்க தலைவரே" என்று எதிர் வாசலிலிருந்து பிலோமினா யோசனை சொன்னாள். "ஊர்ல இருக்கிற பொண்ணுங்களுக்கெல்லாம் கண்ணு அழகாவும்."

இந்தச் சமயத்தில்தான் இன்ஜினியர் வரதராஜுலு சந்தோஷமாக வந்தார். அவர் தூய காற்று அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். பள்ளிக்கூட மொட்டைமாடியில் காற்றிலுள்ள கரியை அளக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவர் பொறுப்பு. அவரது அறிக்கைகளுக்கு ஓர் எளிய இலக்கணம் உண்டு: காற்று சுத்தமாக இருந்தால் அது கொள்கையின் வெற்றி, அழுக்காக இருந்தால் அது வானிலையின் குற்றம். ஐப்பசி மழையில் ஊர் கழுவிவிட்டதுபோல இருந்தால் கொள்கையைப் புகழ்ந்து எழுதுவார். மார்கழியில் மூச்சு முட்டினால் பனியைத் திட்டி எழுதுவார். இப்போது கரியெல்லாம் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டதால் வெளியே காற்றில் ஒன்றுமே இல்லை. இயந்திரம் பூஜ்யம் காட்டியது. ரிப்பேர் என்று நினைத்து அவர் அதைத் தட்டிப் பார்த்தார், அப்போதும் பூஜ்யம்தான்.

"சார், நம்ம வார்டுதான் முதல். மேலிடத்துலேர்ந்து வர்றாங்க. தூய காற்றுக் கமிட்டித் தலைவருங்கிற முறையில உங்களுக்குப் பொன்னாடை" என்றார் வரதராஜுலு, கரிக்குவியலின் மேல் பேப்பர் விரித்து உட்கார்ந்துகொண்டு.

"நான் என்ன செஞ்சேன்னு பொன்னாடை?" என்று தாண்டவராயன் கேட்டார். அவர் வாழ்க்கையில் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை.

"விறகடுப்புக்குச் சீல் வெச்சீங்களே சார்."

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் வாழைமரம், மேடையில் குளிர்சாதனம், பின்னால் துணியில் நீல ஆகாயம் வரைந்து தொங்கவிட்டிருந்தார்கள். மேலிடத்திலிருந்து வந்த விருந்தினர் மைக்கைப் பிடித்து, "இந்தச் சாதனை முழுக்க முழுக்க நமது கொள்கையால்..." என்று ஆரம்பித்ததும் மின்சாரம் போய்விட்டது. மண்டபத்துக்குப் பின்னால் இருந்த டீசல் ஜெனரேட்டரைப் போட்டார்கள். அது தடதடவென்று உறுமி ஒரு புகையைக் கக்கியது. விளக்கெல்லாம் எரிந்தது, குளிர்சாதனம் ஓடியது, விருந்தினர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கொஞ்ச நேரத்தில் பின்கதவு வழியாகக் கரி உள்ளே வந்தது.

அதற்கே குழப்பமாக இருந்தது. ஜெனரேட்டர்காரனிடம் போய் நின்றது. அவன், "நான் வாடகைக்கு வுட்டவன், மேடையில கேளு" என்று கையைக் காட்டினான். மண்டபத்து மேனேஜரிடம் போனது. அவரும் மேடையைக் காட்டினார். மேடையில் ஏறி வரதராஜுலுவின் முன்னால் நின்றது. அவர் நெளிந்து, தாண்டவராயனை ஓரக்கண்ணால் பார்த்தார். தாண்டவராயன் விருந்தினரைப் பார்த்தார். விருந்தினர் மைக்கைப் பார்த்தார். கரி சற்று யோசித்தது. பிறகு பந்தியில் பரிமாறுவதுபோல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, குளிர்சாதனத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் தலையிலும் ஒரே அளவாக, ஓரவஞ்சனை இல்லாமல், ஒரு கரண்டி போட்டுக்கொண்டே போனது. மைக்குக்கும் கொஞ்சம் போட்டது. கீழே உட்கார்ந்திருந்த கூட்டம், நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது. பொன்னாடையைப் போர்த்துவதற்குப் பதிலாக அவசரத்துக்கு அதிலேயே எல்லாரும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குத் தாண்டவராயனுக்குப் பிறந்தது வெட்கம்தான், புத்தி அல்ல. அடுத்த அவகாசத்துக்கான மனுவில் அவர் மறுநாளே கையெழுத்துப் போட்டார்.

ஆடி பிறந்து காற்று ஓங்கி அடிக்க ஆரம்பித்தபோது பழைய கரியும் கிளம்பியது. இதுவரை வந்ததெல்லாம் ஆகாயத்தில் இருந்த கரி. இப்போது மின்விசிறி இறக்கைகளில் ஒட்டியிருந்தது, வேப்பிலையில் படிந்திருந்தது, பெயின்ட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது எல்லாம் பிய்த்துக்கொண்டு வந்தது. கடைசியாக, மனுஷர்களுக்கு உள்ளே தங்கியிருந்ததும் வெளியே வந்தது. தெருவில் நின்று பேசிக்கொண்டிருப்பவரின் மூக்கிலிருந்து நூல் மாதிரி ஒன்று இறங்கி, காற்றில் நெளிந்து, அதன் சொந்தக்காரரைத் தேடிப் போகும். பேசுகிறவர் மூக்கைச் சொறிந்துகொண்டு பேச்சைத் தொடர்வார். அநேகமாக அந்த நூல்களெல்லாம் ஒரே திசையில் போயின. காதர் பாட்சாவின் மூக்கிலிருந்து போனது, பிலோமினாவின் மூக்கிலிருந்து போனது, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் குட்டி மூக்குகளிலிருந்து பிரார்த்தனை நேரத்தில் வரிசை வரிசையாகப் போனது. தாண்டவராயன் மாடியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்ததால் எது ஆகாயத்திலிருந்து வந்தது, எது ஆளிடமிருந்து வந்தது என்று கவனிக்கவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு செங்கமலம் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். அவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். வெளியே போக வேண்டியிருந்ததால் சலவைச் சட்டை போட்டிருந்தார். தூக்கத்தில் அவள் மூக்கிலிருந்து ஒரு கரிய இழை வெளியே வந்தது. தலைமுடி அளவுக்கு மெல்லிசு. வந்து, காற்றில் சற்று நின்றது. தாண்டவராயன் அது எந்தப் பக்கம் போகப் போகிறது என்று பார்த்தார். ஜன்னல் திறந்திருந்தது, எதிரே பிலோமினாவின் அடுப்பு தெரிந்தது. போகட்டும், அந்த வீட்டுக்குத்தான் போகட்டும் என்று உள்ளுக்குள் கும்பிட்டார். இழை ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அதற்கு எங்கேயும் பயணம் போக வேண்டியிருக்கவில்லை. பாயிலிருந்து நாற்காலிக்கு ஒரு முழம் நகர்ந்து அவர் சட்டை மேல், நெஞ்சுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அதன் பின்னால் இன்னொரு இழை வந்தது. அதுவும் உட்கார்ந்தது.

அவர் விசிறுவதை நிறுத்திவிட்டார். அசைந்தால் அவள் எழுந்துவிடுவாளோ என்று அப்படியே இருந்தார். சாயங்காலக் கடல்காற்று வீசும்வரை அது வந்துகொண்டே இருந்தது. இத்தனை வருஷமும் அவளுக்குள் இவ்வளவு இருந்ததா என்று அவருக்கு மலைப்பாக இருந்தது. அவள் கண் விழித்தபோது எதிரே ஒரு கறுப்புச் சட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, இப்படி உட்கார்ந்திருக்கீங்க? வெளியே போகணும்னீங்களே, போகலையா?"

"செங்கமலம்... அந்த அடுப்புன்னு நெனைச்சேன்" என்றார்.

அவள் அவர் சட்டையைப் பார்த்தாள். விளங்கிக்கொண்டாள். "பொங்கலன்னைக்கே எனக்குத் தெரியுங்க. அவ கரி ஒரு கொட்டாங்கச்சிதானே வந்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? கொடைக்கானல் வரைக்கும் தொரத்திக்கிட்டு வந்து அது சொல்லுச்சே, அப்பவே நம்பலையே நீங்க." சொல்லிவிட்டுச் செங்கமலம் இருமவில்லை என்பதை இருவருமே ஒரே நேரத்தில் கவனித்தார்கள். அவர் எழுந்து போய் அவளுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். மகா மோசமான காப்பி. அவள் முழுக்கக் குடித்தாள்.

மறுநாள் அவகாச மனுவைத் திருப்பி வாங்கிக் கிழித்தார். லாரிகளையெல்லாம் ஊர்வலமாகக் காயலான் கடைக்கு ஓட்டிப்போகச் சொன்னார். காதர் பாட்சா தன் லாரியின் மூக்கைத் தடவி, அழுது, கடைசியாக ஒரு தடவை உறுமவிட்டு, அதற்குரிய கரியை மீசையில் வாங்கிக்கொண்டு இறங்கினார். சங்கத்தில் பெரிய ரகளை. செயலாளர் பரசுராமன் மேஜையில் ஏறி நின்று தாண்டவராயனைத் துரோகி என்றார். "ஆமாம்" என்று தாண்டவராயன் சொன்னதும் அதற்கு மேல் என்ன திட்டுவது என்று தெரியாமல் பரசுராமன் இறங்கிவிட்டார். கொஞ்சம் புது லாரிகள் வந்தன. மூன்று மாடியில் இரண்டை அவர் விற்க வேண்டியிருந்தது. கரி அடைந்த மாடி என்பதால் நல்ல விலையும் போகவில்லை.

பிலோமினா வீட்டுக்குப் போய் அடுப்புச் சீலைத் தன் கையாலேயே உடைத்தார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இத்தினி மாசம் ஆப்பம் சுடல தலைவரே. ஒரு மன்னிப்பு?"

"மன்னிச்சுக்கோ பிலோமினா."

"தெருவுக்குக் கேக்கல."

தாண்டவராயன் தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார். அவர் சிபாரிசில் அவளுக்கு மானியத்தில் பெரிய கேஸ் அடுப்பு கிடைத்தது. ஆப்பத்தில் அந்தப் பழைய ருசி இல்லை என்று அவரும் சொன்னார், அவளும் சொன்னாள், தெருவே சொன்னது, சொல்லிக்கொண்டே வாங்கித் தின்றது. அவர் வீட்டுக்கு வரும் கரியும் குறைந்தது. ஆள் உயரம் வந்தது இடுப்பளவாகி, கணுக்காலளவாகி, ஐப்பசி முடிவில் ஒரு முறத்துக்கு இறங்கியது. வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு அந்த முறத்தைக் காட்டினார். பெருமை அவரை விட்டுப் போய்விடவில்லை, வேறு இடம் பார்த்துக்கொண்டது.

கார்த்திகையில் புயல் வந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் ஊரைப் பிடித்து உலுக்கியது. மரங்கள் விழுந்தன, பெயர்ப்பலகைகள் பறந்தன, துறைமுகத்துச் சங்கு விடாமல் ஊதியது. அந்தக் காற்றில் கரிக்குத் தலை சுற்றி, வந்த வழி மறந்துபோயிருக்க வேண்டும். மறுநாள் விடிந்தபோது யார் வீட்டு வாசலிலும் கரி இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, லாரிச் சங்கத்தார் மேளம் வைத்துத் தாண்டவராயன் வீட்டுக்கு வந்தார்கள். கூடமே நிறைந்துவிட்டது. பரசுராமன் ஒரு மாலையும் கொண்டு வந்திருந்தார்.

"நடந்ததை மறந்துடுவோம் தலைவரே. சனியன் ஒழிஞ்சுது. உங்க பழைய வண்டிங்களை இன்னும் வெட்டல. மானியக் காகிதம் வர நாளாச்சு, அப்புறம் மழையில காயலான் கடை மூடிக் கிடந்துச்சு. இப்ப ஒரு வார்த்தை சொன்னா அப்படியே திருப்பிட்டு வந்துடலாம். உத்தரவுக்கு அவகாசம் வாங்கறது எங்க பொறுப்பு."

தாண்டவராயனுக்கு நெஞ்சு துள்ளியது. இல்லை என்று சொன்னால் பொய். விற்றுப்போன இரண்டு மாடிகள் அவர் கண் முன்னால் ஒவ்வொன்றாக எழும்பி நின்றன. எதிரில் சுவர் சுத்தமாக இருந்தது. சமையலறையில் செங்கமலம் பாத்திரங்களை உருட்டுவது நின்றது.

அந்த நேரம் பார்த்து வரதராஜுலு நனைந்த கோழி மாதிரி உள்ளே வந்தார். கரி அளக்கும் இயந்திரத்தில் பூஜ்யம் காட்டிய முள் மேலே ஏறிவிட்டதாம். போன கார்த்திகை அளவுக்கு இல்லை, ஆனாலும் ஏறிவிட்டதாம். "புயல் அடிச்சதால குறைவா இருக்கா, உங்க வண்டி நின்னதால குறைவா இருக்கான்னு மேலிடத்துல கேக்கறாங்க சார். இதுல கொள்கை எவ்வளவு, காத்து எவ்வளவுன்னு நான் எப்படிப் பிரிப்பேன்? இந்த மழையும் போயிடும். அதுக்கப்புறம் தை வரும், காத்து நின்னுடும்."

"அதெல்லாம் ஆபீஸ் கவலை, வுடுங்க" என்றார் பரசுராமன். "கரி வூட்டுக்கு வரல, அவ்ளோதானே நமக்கு வேணும்?"

"ஏம்பா பரசுராமா, இன்னைக்குக் காலையில உன் வண்டியெல்லாம் ஓடுச்சா?" என்று தாண்டவராயன் கேட்டார்.

"ஓடாம? எல்லாம் ஓடுச்சு."

"கரி விட்டுச்சா?"

"விடாம?"

"உன் வீட்டுக்கு வந்துச்சா?"

"அதான் வரலேன்றேனே!"

"அப்ப அது எங்கே போச்சு?"

குத்திக்காட்ட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருஷமாகத் தினம் வந்து போன விருந்தாளியைப் பற்றி விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். மேளக்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டார். பரசுராமன் பதில் சொல்ல வாயைத் திறந்தவர், எதையோ நினைத்துக்கொண்டு சடக்கென்று மூடினார். பக்கத்திலிருந்தவரும் மூடினார். வாயை மூடியபிறகு மூக்கு திறந்திருக்கிறதே என்ற நினைப்பு அவர்களுக்கு ஒவ்வொருவராக வந்தது. ஒருவர் துண்டை எடுத்தார், ஒருவர் வேட்டி நுனியை எடுத்தார், வரதராஜுலு விரலால் பிடித்துக்கொண்டார். கூடம் நிறைய ஆட்கள், கன்னம் உப்பி, கண் பிதுங்கி, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மூச்சை அடக்கி நின்றார்கள். சமையலறை வாசலில் செங்கமலம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். அவள் கண்கள் தாண்டவராயனைப் பார்த்தன.

தாண்டவராயனும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தார். அப்படியே போனை எடுத்தார், காயலான் கடைக்காரரின் எண்ணைத் தேடி அழுத்தினார், எதிர்முனையில் "சொல்லுங்க மொதலாளி" என்று குரல் கேட்டதும், "எல்லாத்தையும் வெட்டிடுப்பா, இன்னைக்கே" என்றார். பேசியதில் இருந்த மூச்சும் தீர்ந்துபோனதால், கூடத்தில் எல்லாருக்கும் முன்னால் அவர்தான் வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் மூக்கைப் பிடித்தபடி, அவருக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.